மடி அறியாத கணக்கு

தமிழிலக்கியம் கற்பிக்கும் நமக்கு இயற்பியலில் என்ன வேலை என்று நண்பர்கள் வினவக்கூடும். சொற்கள் எத்துறையில் குடியிருந்தாலும் நமக்கு உறவே அல்லவா? நிறை, எடை, உந்தம் என்னும் மூன்று சொற்களைப் பற்றியது இச்சிறு கட்டுரை.

கடைத்தெருவில் நிறையும் எடையும் ஒன்றே. இயற்பியலில் அவ்வாறில்லை. ஒரு பொருளில் அடங்கியுள்ள பருப்பொருளின் அளவு நிறை. அதைப் புவி தன்பால் ஈர்க்கும் விசை எடை. 60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் நிலவுக்குச் சென்றாலும் அவரது நிறை மாறாது. எடையோ ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகிவிடும். சுருள்வில் தராசு இக்குறைவைக் காட்டும். இரு தட்டுகள் கொண்ட நிறைகோல் காட்டாது; படிக்கல்லும் அதே அளவு இலேசாகிவிடுமே! மனத்தை ஒருநிலையில் நிறுத்துவதற்கும் பழந்தமிழில் 'நிறை' என்றே பெயர். இடம் மாறினும் மாறாத ஒன்றுக்கு இதனினும் பொருத்தமான சொல் ஏது?

நிறையைத் திசைவேகத்தால் பெருக்கினால் கிடைப்பது உந்தம். 1687இல் வெளிவந்த 'பிரின்சிபியா'வில் நியூட்டன் இதை இயக்கத்தின் அளவு என்று குறித்தார். எடையைக் கையால் தூக்கி அறியலாம். உந்தத்தை அங்ஙனம் அறிய இயலாது. உடன் செல்லும் வரையில் அது நமக்குப் புலப்படுவதே இல்லை. நிறுத்த முயலும்போதுதான் தன்னைக் காட்டும்.

சென்ற திங்கள் உறவினர் திருமணத்திற்குக் காரில் புறப்பட்டோம். தங்கையின் ஒரு வயது மகளை மடியில் இருத்திக்கொண்டு அத்தை முன்னிருக்கையில் அமர்ந்தார். பின்னால் குழந்தைக்கென்றே பொருத்திய இருக்கை காலியாக இருந்தது. சுட்டிக்காட்டினோம்.

"பத்துக் கிலோகூட இருக்க மாட்டா. இவளைப் பிடிச்சுக்க எனக்குத் தெம்பில்லையாப்பா?" என்றார்.

அத்தை சொன்னது எடைக் கணக்கு. 10 கிலோகிராம் குழந்தையின் எடை 98 நியூட்டன். பல பிள்ளைகளைத் தூக்கி வளர்த்த கைகளுக்கு அது ஒரு பொருட்டன்று. ஆனால் கார் மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் செல்கையில் அக்குழந்தையின் உந்தம் 100 அலகு. கார் எதன்மீதேனும் மோதி, நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றுவிட்டால், குழந்தையையும் அந்நேரத்திற்குள் நிறுத்த 1000 நியூட்டன் விசை வேண்டும். ஏறத்தாழ 100 கிலோ மூட்டையைத் தாங்கும் விசை அது. வேகம் இருமடங்கானால், அதே நேரத்தில் நிறுத்துவதற்கான விசையும் இருமடங்காகும். எந்தத் தாயின் கைக்கும் அவ்வலிமை இல்லை. அன்புக்கும் இதற்கும் தொடர்பில்லை.

"அத்தை, வண்டி ஓடுற வரைக்கும்தான் பாப்பா பத்துக் கிலோ. எங்கயாவது மோதி நின்னா, உங்க கைக்கு நூறு கிலோ" என்றோம்.

சற்று நேரம் குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இறங்கினார். குழந்தையைப் பின்னிருக்கையில் கிடத்திப் பட்டையைப் பூட்டச் செய்து, தாமும் பக்கத்தில் அமர்ந்துகொண்டார். வழிநெடுக அவரது வலக்கை குழந்தையின் மீதே இருந்தது. அக்கையை எடுக்கச் சொல்லும் விதி எதுவும் இயற்பியலில் இல்லை.