கற்றலும் கைப்பழக்கமும் பிழைப்பும்

படிப்பை முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் இளைஞனின் வீட்டில் மூன்று குரல்கள் ஒலிக்கும். 'இன்னும் படி' என்பது ஒன்று. 'செய்து பழகு' என்பது மற்றொன்று. 'முதலில் ஒரு வேலையைத் தேடு' என்பது மூன்றாவது. மூன்றும் நன்மை நாடிச் சொல்லப்படுபவையே. ஆயினும் மூன்றையும் ஒருசேரக் கேட்பவன் எதையும் செய்ய இயலாமல் திகைத்து நிற்கிறான். கணினித் துறையில் காலடி வைக்கும் நம் பிள்ளைகளிடம் இத்திகைப்பு மிகுதி. மருத்துவத்துக்கும் வழக்குரைஞர் தொழிலுக்கும் இருப்பதுபோல் இன்ன பட்டம், இன்ன பதிவு என்னும் ஒற்றை வழி அத்துறைக்கு இல்லை. வாயில்கள் பல, எது திறந்திருக்கிறது என்று சொல்வார் இலர்.

அரபு இலக்கணமும் தமிழும் ஓதிக்கொடுக்கும் நமக்கு இதைப் பேச என்ன தகுதி என்று வாசகர்கள் வினவலாம். தொழிலின் நுட்பத்தைப் பற்றி அல்ல, கற்கும் முறையைப் பற்றியே நாம் பேச முன்வந்தோம். மதரஸாவில் நம்மிடம் மாலை வேளைகளில் ஓதிய மாணவர் ஒருவர் 2021ஆம் ஆண்டு கணினிப் பயன்பாட்டில் இளநிலைப் பட்டம் பெற்றார். தந்தை தையற்காரர். வளாக நேர்காணலில் அவரை எவரும் தெரிந்தெடுக்கவில்லை. அடுத்த இரண்டாண்டுகள் அவர் பட்ட பாட்டை நாம் அருகிருந்து கண்டோம்.

முதல் ஆறு மாதங்கள் அவர் படித்துக்கொண்டே இருந்தார். ஒரு வாரம் மேகக் கணிமை. மறுவாரம் இணையப் பாதுகாப்பு. அதற்கடுத்த வாரம் செயற்கை நுண்ணறிவு. சான்றிதழ்த் தேர்வுக் கட்டணங்களைக் கேட்டுத் தந்தை மலைத்துப் போனார். இத்தகைய மாணவரை நாம் முன்பே அறிவோம். ஸர்ஃபையும் நஹ்வையும் ஊன்றிப் படியாமல் நேரே தஃப்ஸீருக்குத் தாவ விரும்பும் மாணவர் எந்த மதரஸாவிலும் உண்டு. சொல்லின் வேர் எது, வாக்கியத்தில் அதன் இடம் எது என்று அறியாதவருக்குப் பெரிய கிதாபுகள் பக்கம் பக்கமாகத் திறந்தே இருந்தும் பயன் இல்லை.

"தம்பி, உங்கள் துறையில் ஸர்ஃபும் நஹ்வும் எவை?" என்று ஒருநாள் கேட்டோம். அவர் சிறிது சிந்தித்து, "இயங்குதளம், வலையமைப்பு, ஏதேனும் ஒரு நிரல்மொழி, தரவுத்தளம், இந்நான்கும்தான், ஹஜரத்" என்றார். ஓர் இணைய முகவரியைத் தட்டியவுடன் அப்பெயர் எவ்வாறு எண்ணாக மாற்றப்படுகிறது, அவ்வெண்ணுக்குரிய கணினியின் 443ஆம் எண் வாயிலைச் செய்தி எவ்வாறு சென்றடைகிறது, இடையில் எங்கெல்லாம் அது தடைப்படக்கூடும் என்பதை நமக்கு விளங்கும்படி சொல்லச் சொன்னோம். பாதி வழியில் நின்றுவிட்டார். எதைப் படிக்க வேண்டும் என்பது அன்றே அவருக்குப் புலனாயிற்று. மற்றொருவருக்கு விளக்கிச் சொல்ல முடியாத பாடம் நம்முடையதாகவில்லை என்பது எல்லாக் கல்விக்கும் பொதுவான அளவுகோல் அன்றோ?

அடுத்துக் கைப்பழக்கம். சென்னை ரிச்சி தெருவில் பழைய மடிக்கணினி ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கி, அதில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவினார். அது பழுதானபோதெல்லாம் அழித்துவிட்டு மீண்டும் நிறுவினார். அக்கம்பக்கத்தார் இதனை வெட்டிவேலை என்றனர். அந்த லினக்ஸே ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டு பொழுதுபோக்காகத் தொடங்கிய வேலை என்பதை அவர்கள் அறியார். உலகின் அதிவேகக் கணினிகள் 500இன் பட்டியலில் உள்ளவை அனைத்தும் 2017 நவம்பர் முதல் அதைக் கொண்டே இயங்குகின்றன.

எனினும் பொருளற்ற நோண்டுதலுக்கும் பயனுள்ள கைவேலைக்கும் வேறுபாடு உண்டு. நம் மதரஸா நூலகத்துக்கு ஒழுங்கான பட்டியல் இல்லை. அரபு, தமிழ், அரபுத்தமிழ் என மூவகை நூல்கள் அலமாரிகளில் கலந்து கிடந்தன. "பழகுவதற்கு ஒரு வேலை வேண்டுமாயின் இதனைச் செய்யுங்கள்" என்றோம். எளிய வேலை என்று எண்ணித் தொடங்கினார். நான்கு மாதங்கள் பிடித்தன.

அரபு வலமிருந்து இடமாகச் செல்வது. தமிழ் இடமிருந்து வலமாகச் செல்வது. இரண்டும் ஒரே வரியில் வந்தால் அடைப்புக்குறிகள் திரும்பிக்கொண்டன. பதிப்பாண்டுகள் இடம் மாறி நின்றன. அலிஃபின் மேல் ஹம்ஸா இட்டு எழுதிய நூற்பெயரை ஹம்ஸா இன்றித் தேடினால் கிடைக்கவில்லை. 'அல்' என்னும் சேர்க்கையோடு தொடங்கும் நூல்களெல்லாம் அகர வரிசையில் ஒரே இடத்தில் குவிந்தன. தமிழிலும் இடர்ப்பாடு இருந்தது. 'கொ' என்னும் எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் பதியலாம். எகரக் குறி, கால் என இரண்டாகவும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கோ அவை வெவ்வேறு. இவற்றையெல்லாம் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்த பிறகே தேடல் சரிவர இயங்கும் என்பதை அவர் நூல்களில் படித்து, பைத்தான் மொழியில் எழுதிச் சரிசெய்தார். ஒருநாள் மின்தடையால் கோப்பு கெட்டு ஒரு வாரத்து உழைப்பு வீணாயிற்று. அன்றுமுதல் இரண்டு படிகள் எடுத்து, ஒன்றை வேறிடத்தில் வைத்தார். படிப்பு கேள்வியைக் காட்டிக்கொடுக்க, கைவேலை அக்கேள்வியை விடாமல் துரத்தியது.

இவ்விணைப்பு புதிதன்று. அல்குவாரிஸ்மியின் பெயரிலிருந்தே 'அல்கோரிதம்' என்னும் சொல் பிறந்தது. பக்தாதில் 9ஆம் நூற்றாண்டில் அவர் எழுதிய இயற்கணித நூலின் ஒரு பெரும் பகுதி, மரண சாசனமும் வாரிசுப் பங்கும் கணக்கிடும் வழிகளைக் கூறுவது. அல்ஜஸரி 1206ஆம் ஆண்டு முடித்த பொறியியல் நூலின் அரபுத் தலைப்பிலேயே இல்மும் அமலும், அதாவது அறிவும் செயலும், ஒருங்கே நிற்கின்றன. நம் காலத்திலும், கேம்பிரிட்ஜில் கணினியியல் பயில விண்ணப்பித்த மாணவரிடம் இக்கைப்பழக்கம் குறைந்துவருவதைக் கண்டு கவன்ற ஆசிரியர் சிலரின் முயற்சியே, 2012இல் ராஸ்பெர்ரி பை என்னும் மலிவான சிறு கணினியாக வெளிவந்தது.

இனி வேலை தேடுதல். திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் மூவரோடு அறையைப் பகிர்ந்துகொண்டு அவர் நாள்தோறும் விண்ணப்பித்தார். பெரும்பாலானவற்றுக்கு மறுமொழியே இல்லை. வந்த சிலவும் 'இரண்டாண்டு அனுபவம் உண்டா?' என்றே கேட்டன. அவ்வேளையில் இடைத்தரகர் ஒருவர் வந்தார். தொகை ஒன்றைக் கொடுத்தால், ஒரு நிறுவனத்தில் இரண்டாண்டு பணியாற்றியதாகச் சான்றிதழும் சம்பளச் சீட்டும் தருவதாகச் சொன்னார். மகளின் நகையை அடகு வைக்கவும் தந்தை துணிந்துவிட்டார். மாணவர் நம்மிடம் வந்தார். "எல்லாரும் செய்கிறார்கள், ஹஜரத். பொய் சொல்லாதவனுக்கு வாசலே திறப்பதில்லை" என்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

வருங்கால வைப்புநிதிப் பதிவுகளைக் கொண்டு நிறுவனங்கள் இப்பொய்யை எளிதில் கண்டறிகின்றன என்றும், பிடிபட்டால் கிடைத்த வேலையும் போகும் என்றும் சொல்லியிருக்கலாம். அது உண்மையே. ஆனால் பிடிபடாவிட்டால் செய்யலாம் என்று பொருள்பட்டுவிடுமே! ஆகவே நாம் அவருக்குத் தெரிந்த ஒன்றைக் கொண்டே பேசினோம். "ஓர் அறிவிப்பின் ஸனதை எவ்வாறு பார்ப்பார்கள் என்று நீங்கள் ஓதியிருக்கிறீர்கள். இன்னாரிடமிருந்து கேட்டேன் என்று கேளாமலே சொன்னவர் என ஒருமுறை தெரிந்துவிட்டால், அவருடைய மெய்யான அறிவிப்பையும் எடுக்கத் தயங்கினார்கள். உங்கள் தற்குறிப்பும் ஒரு ஸனதுதான். பொய்யை அதன் தலைப்பில் வைத்துவிட்டால், நான்கு மாதம் உழைத்த நூலகப் பணியையும் எவர் நம்புவார்?" என்றோம். தந்தையிடம், வேலை தருவதற்கு முன் பணம் கேட்பவரிடம் வேலை இராது என்று சொல்லி அனுப்பினோம்.

அவர் தற்குறிப்பைத் திருத்தி எழுதினார். அனுபவம் என்னும் இடத்தில் 'இல்லை' என்றே இட்டு, செய்த பணிகள் என்னும் தலைப்பில் நூலகப் பட்டியலை விவரித்தார். மேலும் ஏழு மாதங்கள் ஓடின. அவை எளிய மாதங்கள் அல்ல; அவர் உண்மைக்கு உடனே பரிசு கிடைத்தது என்று சொல்ல நாம் துணியோம். 2023இல் ஒரு சிறிய நிறுவன நேர்காணலில், தாமே கண்டறிந்து சரிசெய்த பழுது ஒன்றைச் சொல்லும்படி கேட்டனர். ஹம்ஸாவையும் ஒகரத்தையும் பற்றி இருபது நிமிடங்கள் பேசியிருக்கிறார். கிடைத்தது இரவுநேரத் தொழில்நுட்ப உதவிப் பணி. தந்தை எதிர்பார்த்ததைவிடக் குறைந்த சம்பளம். நகை வீட்டிலேயே இருக்கிறது.

இன்று தம் நாளை மூன்றாகப் பகுத்துக்கொண்டு அவர் கற்கிறார். விடியலில் வேலை முடிந்து சிறிது உறங்கியபின் ஒரு மணி நேரம் அடிப்படை நூல். ஒரு மணி நேரம் பழைய மடிக்கணினியில் செய்முறை. வாரத்துக்கு ஒருமுறை தற்குறிப்பைப் புதுக்குதல். மூன்று குரல்களும் அவரிடம் சண்டையிடுவதை நிறுத்திவிட்டன.

பெற்றோர்களுக்கு ஒரு சொல். மகன் கணினியைக் கழற்றி வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தால் உடனே கடிந்துகொள்ளாதீர்கள். என்ன செய்கிறான் என்று கேளுங்கள். விளக்கத் தெரிந்தால் அது கல்வி. தெரியாவிட்டால் அப்போது கடியலாம். ஜமாஅத்தார்க்கும் ஒரு சொல். திருமண மண்டபத்துக்குச் செலவிடுவதில் சிறு பங்கை ஒதுக்கி, நான்கு பழைய கணினிகளும் தடையற்ற இணைய இணைப்பும் கொண்ட ஓர் அறையை நூலகத்தில் அமையுங்கள். பட்டியலிடப்படாத நூல்களும், தகுந்த வேலையின்றித் தவிக்கும் இளைஞர்களும் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். இருவரையும் சந்திக்க வைப்பது நம் கடமை.