12 வினாடி வயலின்

மண்டைக்குள் பாட்டு ஓடுவது ஒரு நோய் என்று பிரிக்பீல்ட்ஸில் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். ஜாலான் துன் சம்பந்தனில் தீபாவளி நெருங்கிவிட்டால் கடைக்குக் கடை ஸ்பீக்கர். அங்கே ஒரு நடை போய்வந்தால் யார் தலையிலும் ஏதாவது ஒரு பல்லவி ஒட்டிக்கொண்டுதான் வரும். ஜெர்மன்காரர்கள் இதைக் காதுப்புழு என்கிறார்கள். ராத்திரிக்குள் தானாக உதிர்ந்துவிடும்.

என்னுடையது 11 மாதம் உதிரவில்லை.

முழுப்பாட்டுகூட இல்லை. ஒரு பழைய சினிமாப் பாட்டின் இரண்டாம் இடையிசையில் வயலின்கள் மேலேறி வரும் 12 வினாடி. பாட்டின் பெயரைச் சொல்லமாட்டேன். காரணம் பிறகு. கிள்ளானிலிருந்து கேஎல் சென்ட்ரலுக்கு கம்யூட்டரில் வரும்போது பாடாங் ஜாவா, ஷா ஆலம், சுபாங் ஜெயா என்று நிலையங்கள் போகும். கையிலிருக்கும் புத்தகம் மட்டும் அதே பக்கத்தில் நிற்கும்.

வீட்டில் சொன்னேன். "பாட்டுதானே, நல்லதுதானே? ரேடியோ காசு மிச்சம்" என்றார் அம்மா. அத்தைக்கு வேறு சந்தேகம். "காதுல கேக்குதாய்யா? யாராச்சும் ஏதாச்சும் செஞ்சு வச்சிருப்பாங்க."

காதில் கேட்கவில்லை என்பதுதான் விஷயமே. வெளியே எங்கும் அது ஒலிக்கவில்லை, என் மனசுதான் வாசிக்கிறது என்று எனக்குத் தெளிவாகத் தெரியும். முதலில் பார்த்த டாக்டர் இந்த வித்தியாசத்தைக் கேட்கவே இல்லை. மனப்பிறழ்வுக்கான மாத்திரை எழுதினார். நாள் முழுக்கத் தூக்கம், தூக்கத்திலும் வயலின். இது எனக்கு மட்டும் நடந்ததில்லை. 2014இல் ஸ்டீவன் டெய்லரும் சக ஆய்வாளர்களும் இப்படிப்பட்ட 96 பேரின் விவரங்களைத் திரட்டி ஒரு கட்டுரை எழுதினார்கள். மனப்பிறழ்வு என்று தப்பாகக் கணித்து, பலன் தராத சிகிச்சை கொடுக்கப்பட்டவர்கள் அதில் உண்டு. இத்தனைக்கும் எண்ணச் சுழற்சி நோயை, அதாவது ஓசிடியை, அளக்க 1989இலிருந்து புழங்கும் யேல்-பிரவுன் பட்டியலில் 'வேண்டாமல் வரும் ஒலி, சொல், இசை' என்று ஒரு வரி இருக்கிறது. ஒரே ஒரு வரி.

ஓசிடி என்றால் நமக்குக் கை கழுவுவதும் பூட்டை இழுத்துப் பார்ப்பதும்தான். நான் இழுத்துப் பார்த்தது அந்தக் கடைசி ஸ்வரத்தை. அது சரியாக இறங்கவில்லை என்று தோன்றும். மனசுக்குள் முதலிலிருந்து வாசிக்கணும். சரியாக வந்துவிட்டால் ஒரு நிம்மதி, நாலு வினாடிக்கு. அந்த நாலு வினாடிதான் அதற்குத் தீனி. விரட்டினாலும் அப்படித்தான். குரங்கை நினைத்துக்கொண்டு மருந்து குடிக்காதே என்று நம் ஊரில் சொல்வதை 1987இல் டேனியல் வெக்னர் வெள்ளைக் கரடியை வைத்துச் சோதனையாகவே செய்து காட்டினார். நினைக்காதே என்றதுமே கரடி வந்து நின்றது.

மார்க் ட்வைன் 1876இல் எழுதிய ஒரு கதையில், டிராம் கண்டக்டர் டிக்கெட்டில் ஓட்டை போடுவதைப் பற்றிய ஒரு துக்கடாப் பாட்டு ஒருவனைப் பிடித்துக்கொள்கிறது. அதைப் பாதிரியார் நண்பரின் தலையில் இறக்கிவைத்த பிறகுதான் அவன் தப்பிக்கிறான். பாட்டின் பெயரைச் சொல்லாததற்குக் காரணம் இதுதான். உங்களில் யாருக்கு அது காதுப்புழுவோடு நிற்கும், யாருக்கு நிற்காது என்று எனக்கென்ன தெரியும்?

இரண்டாவதாகப் பார்த்த உளவியலாளர் வைத்தியத்தைத் தலைகீழாக ஆரம்பித்தார். அந்த 12 வினாடியை வேண்டுமென்றே போட்டுக் கேட்கணும், ஏழாவது வினாடியில் நிறுத்தணும், மிச்சத்தை மனசுக்குள் முடிக்கக் கூடாது. கூடவே மனச்சோர்வுக்குத் தரும் வகை மாத்திரையும் உண்டு, கொஞ்சம் கூடுதல் அளவில். முதல் வாரம் ஏழாவது வினாடியில் எனக்கு வேர்த்துக் கொட்டியது. பாதியில் விட்ட பாட்டுக்காக ஒரு ஆள் வேர்ப்பானா என்று கேட்டால், வேர்ப்பான்.

அந்த 11 மாதத்தில் போனது இசைதான். போனிலிருந்த பாட்டையெல்லாம் அழித்திருந்தேன். ஜாலான் தெங்கு கிளானா பக்கம் போக நேர்ந்தால் பின்சந்து வழியாகவே போவேன். கல்யாணங்களுக்கு மொய்ப்பணம் மட்டும் அம்மா கையில் போகும்.

போன மாதம் கிள்ளானில் ஒரு கல்யாணத்துக்கு நேரிலேயே போனேன். முன்வரிசையில் இடம் கிடைத்தது. நாதஸ்வரக்காரர் இடையில் ஒரு சினிமாப் பாட்டை எடுத்தார், நல்லவேளை வேறு பாட்டு. கெட்டிமேளம் முடியும்வரை இருந்துவிட்டுச் சாப்பிடப் போனேன். பாயசம் கொஞ்சம் தித்திப்புக் கூடுதல்.