ஆறரை மணி விதி

கேம் டிசைன் பாடத்தின் முதல் நான்கு வாரங்கள் யாரும் கணினியைத் திறக்கவில்லை. வீட்டில் விலையுயர்ந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கிவைத்துவிட்டு வந்திருந்த பையன்களுக்கு இதில் பெரிய ஏமாற்றம். மேசைமேல் கிடந்தவை சார்ட் அட்டை, பகடை, சட்டைப் பொத்தான்கள், ஒரு டப்பா புளியங்கொட்டை. விதி சரியில்லாத ஆட்டத்தை எந்த ஓவியமும் காப்பாற்றாது. காகிதத்தில் ஒரு விதியை மாற்ற ஒரு நிமிடம் போதும். நிரலாக எழுதிய பிறகு மாற்ற ஒரு வாரம்கூட ஆகலாம். பாடம் அங்கிருந்து தொடங்குகிறது.

அந்த வகுப்புக்கு நான் மாணவியும் இல்லை, ஆசிரியையும் இல்லை. பகுதி ஒன்று தமிழ் நடத்துபவள். நம்மூர் விளையாட்டுகளின் விதிகளைச் சொல்லித்தர முடியுமா என்று பாடமெடுத்த இளம் ஆசிரியை கேட்டார். ஒரு நாள் போனவள் பருவம் முழுக்கக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

இந்தத் துறையில் முதலில் படிக்கக் கொடுக்கும் கட்டுரைகளில் ஒன்று, 2004இல் ராபின் ஹுனிக்கே, மார்க் லெப்லாங்க், ராபர்ட் ஜுபெக் மூவரும் சேர்ந்து எழுதியது. ஆட்டத்தை அது மூன்று அடுக்காகப் பிரிக்கிறது: விதிகள், ஆடும்போது அந்த விதிகளிலிருந்து பிறக்கும் நடத்தை, அந்த நடத்தை ஆடுபவருக்குள் எழுப்பும் உணர்வு. வடிவமைப்பவர் விதியின் பக்கத்திலிருந்து பார்க்கிறார், ஆடுபவர் உணர்வின் பக்கத்திலிருந்து வருகிறார். யாப்பு படித்தவளுக்கு இது புதிதில்லை. வாசகர் காதில் விழுவது ஓசை. புலவர் எண்ணுவது தளை. ஆனால் நடுவில் இருக்கும் அந்த இரண்டாவது அடுக்கை, விதி மனிதரை எப்படி நடந்துகொள்ள வைக்கிறது என்பதை, நான் யாப்பில் தேடியதே இல்லை.

பல்லாங்குழியை எடுத்துக்கொண்டோம். பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழி, குழிக்கு ஐந்து காய். ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் ‘பசு’, அந்தப் பக்கத்துக்காரர் எடுத்துக்கொள்ளலாம். இதுவரை மாணவர்களுக்கே தெரிந்திருந்தது. அவர்களை நிமிர வைத்தது அடுத்த சுற்று. தோற்றவள் கையிலிருக்கும் காய்களால் எத்தனை குழியை நிரப்ப முடியுமோ அத்தனைதான் அவளுக்கு. மற்ற குழிகள் மூடிக்கிடக்கும். தோற்றவள் குறைவான இடத்தோடு தொடங்குகிறாள், அதனாலேயே இன்னும் தோற்கிறாள். கேம் டிசைனில் இதைப் பாசிட்டிவ் ஃபீட்பேக் லூப் என்கிறார்கள். உள்ளவளிடமே போய்ச் சேரும் சுழற்சிக்கு ‘பாசிட்டிவ்’ என்று பெயர் வைத்தவரைச் சந்திக்க ஆசை.

எங்கள் வீட்டில் இதற்கு ஒரு மாற்றும் இருந்தது. ஒரு குழியை நிரப்பக்கூடக் காயில்லாதவள், இருப்பதைக் குழிக்கு ஒன்றாகப் போட்டு ஆடலாம். ‘கஞ்சி காய்ச்சுவது’ என்பார்கள். அதிலிருந்து மீண்டு வந்து ஜெயித்த அத்தையை எனக்குத் தெரியும். விழுந்தவள் எழ ஒரு வழி வைக்கவேண்டும் என்பது இன்று வடிவமைப்புப் பாடத்தில் தனித் தலைப்பு. திண்ணையில் ஆடிய எந்தப் பெண்ணுக்கு அது முதலில் தோன்றியதோ, அவள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

பெயர் ஏட்டில் இருந்தும் காணாமல்போன ஒருத்தியும் உண்டு. அமெரிக்காவில் சுருக்கெழுத்தாளராக வேலை பார்த்த லிஸ்ஸி மேகி, 1904 ஜனவரி 5 அன்று ‘லேண்ட்லார்ட்ஸ் கேம்’ என்ற ஆட்டத்துக்குக் காப்புரிமை பெற்றார். நிலம் சிலர் கையில் குவிவதன் அநியாயத்தை ஹென்றி ஜார்ஜின் பொருளாதாரச் சிந்தனை வழியே விளக்குவது அவர் நோக்கம். அதற்கு இரண்டு விதித்தொகுப்புகள் உருவாயின. ஒன்றில் ஒருவர் ஈட்டினால் எல்லோருக்கும் பங்கு. மற்றதில் ஒருவர் மற்றவர்களை நசுக்கியே ஜெயிக்கலாம். அதே பலகை, அதே பகடை. ஆட்டம் கைமாறிக் கைமாறிப் போனது. 1935இல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் சார்லஸ் டாரோவிடமிருந்து ‘மோனாபலி’யை வாங்கிக்கொண்டு, மேகியின் காப்புரிமைக்கு 500 டாலர் கொடுத்தது. ராயல்டி கிடையாது. பல பத்தாண்டுகள் டாரோதான் கண்டுபிடித்தவர். ரால்ஃப் ஆன்ஸ்பாக் என்ற பொருளாதாரப் பேராசிரியர் 1970களில் அந்த நிறுவனத்தோடு வழக்காடியபோது தோண்டியதில்தான் மேகி வெளியே வந்தார். உலகம் வைத்துக்கொண்டது நசுக்கும் விதித்தொகுப்பை மட்டும்.

இதைக் கேட்ட அன்று முன் பெஞ்சில் ஒரு மாணவி எதையோ வேகமாக எழுதிக்கொண்டிருந்தாள். பருவத்தின் கடைசிப் பயிற்சி: நீங்கள் வாழும் ஓர் அமைப்பை ஆட்டமாக்குங்கள். அவள் விடுதியை எடுத்தாள்.

பலகையில் நூலகம், லேப், டீக்கடை, விடுதி. மூன்று வெளியிடங்களிலும் முத்திரை சேர்ப்பவர் ஜெயிப்பார். டீக்கடை எதற்கு என்று ஆசிரியை கேட்டார். “புராஜெக்ட்டுக்கு டீம் அங்கதான் மேம் சேருது” என்றாள். ஆட்டம் மாலை நாலரைக்குத் தொடங்கும், ஒவ்வொரு சுற்றுக்கும் அரைமணி நகரும். நீலக் காய்க்கு ஒன்பது மணிவரை நேரம். சிவப்புக் காய் ஆறரைக்குள் விடுதிக்குத் திரும்பவேண்டும். தவறினால் ‘அப்பாவுக்கு போன்’ என்ற சீட்டு, அடுத்த ஆட்டம் முழுக்க விடுதிக் கட்டத்திலேயே. பகடை எல்லோருக்கும் ஒன்றுதான். நீலத்துக்கு ஒன்பது முறை விழும், சிவப்புக்கு நான்கு. நிறம் குலுக்கலில் வரும்.

பிளேடெஸ்ட்டுக்கு ஒரு கண்டிப்பான ஒழுங்கு உண்டு. மற்றவர்கள் ஆடும்போது வடிவமைத்தவர் வாய் திறக்கக்கூடாது. விளக்கக்கூடாது, வாதாடக்கூடாது. பார்த்து எழுதவேண்டும். அவள் கையில் நோட்டோடு நின்றாள். சிவப்பு விழுந்த பையன் இரண்டு ஆட்டம் தோற்று எரிச்சலாகிவிட்டான். “இது பேலன்ஸே இல்ல. சிவப்புக்கு ரெண்டு பகடை குடு.” நீலம் வைத்திருந்தவன், “எனக்கு ஒண்ணும் தப்பாத் தெரியலையே, ஜாலியாத்தான் இருக்கு” என்றான். அவன் நல்ல பையன்தான். பொய் சொல்லவில்லை.

நான் பார்த்துக்கொண்டிருந்தது இன்னொரு சிவப்புக் காயை. அதை வைத்திருந்தவள் விடுதி மாணவி. ஒருமுறைகூட அவள் பிடிபடவில்லை. லேபுக்குப் போனாள், முத்திரை வாங்கினாள், ஆறு மணிக்கே விடுதிக் கட்டத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். டீக்கடை இருந்த பக்கம் காயைத் திருப்பவே இல்லை. தண்டனைச் சீட்டை யாரும் அவளுக்குக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அந்த இரண்டாவது அடுக்கு எனக்கு அப்போதுதான் கண்ணில் பட்டது. ‘எங்கள் பிள்ளைகள் யாரும் விதியை மீறுவதில்லை’ என்று கூட்டங்களில் பெருமையாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். 2015இல் தில்லியில் ‘பிஞ்ச்ரா தோட்’ என்று மாணவிகள் விடுதி நேரக் கட்டுப்பாட்டுக்கு எதிராகத் திரண்டபோது இங்கும் கொஞ்சம் பேசினோம். கூண்டை உடை என்பது அந்தப் பெயரின் பொருள். இங்கே கூண்டு கதவைத் திறந்துவைத்துக்கொண்டே வேலை செய்கிறது.

பேலன்ஸ் செய்துகொண்டு வா என்றார் ஆசிரியை. பாடப்படி அது சரியான அறிவுரை. அடுத்த வாரம் அவள் பகடையைக் கூட்டவில்லை. “ரெண்டு பகடை குடுத்தா, வேகமா ஓடுன்னு சொல்றதுதானே மேம்?” என்றாள். அதற்குப் பதிலாக இரண்டாவது விதித்தாள் ஒன்று எழுதியிருந்தாள்: எல்லோருக்கும் ஒன்பது மணி. அதே பலகையில் இரண்டையும் அடுத்தடுத்து ஆடவேண்டும், எதை முதலில் ஆடுவது என்பதைச் சிவப்புக் காய்க்காரர்கள் முடிவுசெய்வார்கள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ‘சுவாரசியம்’ என்ற தலைப்பின்கீழ் அவளுக்குப் பத்துக்கு நான்கு போட்டார். ஆசிரியை வாதாடி அதை ஆறாக்கினார்.

பலகை இப்போது விடுதியின் இரண்டாம் மாடி வராந்தாவில் இருக்கிறது. ஆறரைக்குமேல் அங்கே ஆடுகிறார்களாம். விதித்தாள் ஐந்தாகிவிட்டது. போன வாரம் யாரோ ஸ்கெட்ச் பேனாவால் மொட்டைமாடிக் கதவு ஒன்றைப் பலகையில் சேர்த்திருக்கிறார்கள். அதன் சாவி யாரிடம் இருக்கவேண்டும் என்பதில் இன்னும் சண்டை முடியவில்லை.