கற்றலுக்குத் துணையாகும் கருவிகள்

பள்ளி ஆண்டு மலரில் தலைமையாசிரியர் கட்டுரை என்றால் தேர்ச்சி விழுக்காடும், திடல்தடப் போட்டி முடிவுகளும், நன்கொடையாளர்க்கு நன்றியும் இருக்கும் என்று வாசகர் எதிர்பார்ப்பது இயல்பே. அவையெல்லாம் இம்மலரின் வேறு பக்கங்களில் உள்ளன. வகுப்பறையில் அமர்ந்திருந்தும் பாடம் போய்ச் சேராத சில பிள்ளைகளைப் பற்றியும், அவர்களிடம் பாடத்தைக் கொண்டுசேர்க்கும் கருவிகளைப் பற்றியும் நாம் இங்கே எழுத விழைகின்றோம்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நாம் பயின்றபோது பயிற்றுத் துணைப்பொருள் என்றால் மின்னட்டை, மணிச்சட்டம், சுவரில் மாட்டும் படம் ஆகியவையே. அவை வகுப்பு முழுமைக்கும் பொதுவானவை. ஒரு தனிக் குழந்தையின் கண்ணுக்கும் காதுக்கும் கைக்கும் ஏற்பப் பொருத்தப்படும் கருவி வேறு வகையைச் சார்ந்தது. அவ்வகையில் மூத்தது மூக்குக் கண்ணாடி. இன்று எவரும் அதனைக் கருவி என்றே எண்ணுவதில்லை. ஆயினும் காது கேட்கும் கருவியையோ, எழுத்தை உரக்கப் படிக்கும் கணினியையோ பற்றிப் பேசினால் பெற்றோர் முகம் சற்றே வாடுகின்றது. "இயந்திரம் படித்துக் காட்டினால் பிள்ளை சோம்பேறியாகிவிட மாட்டானா, ஐயா?" என்று கேட்கின்றனர். விடியுமுன் பால்மரம் சீவச் செல்பவர் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொள்கின்றார். விளக்கு மரத்தைச் சீவுவதில்லை. சீவுவது அவர் கைதான். நாம் வழக்கமாகக் கூறும் விடை இதுவே. பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்ட இந்நாளிலும் பாட்டிமார் இதனைக் கேட்டுத் தலையசைக்கின்றனர்.

கருவியை வாங்கிக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்பாரும் உளர். அது சரியன்று. இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி காது கேட்கும் கருவி அணிந்து வந்தாள். சில மாதங்களில் அக்கருவி கீச்சென்று ஒலி எழுப்பத் தொடங்கியது. மற்றப் பிள்ளைகள் சிரித்தனர்; அவள் அதனைக் கழற்றிப் புத்தகப் பைக்குள் போட்டுவிட்டாள். கருவி கெட்டுவிட்டது என்றே வீட்டார் எண்ணினர். உண்மையில் பழுது ஏதுமில்லை. பிள்ளை வளர்ந்துவிட்டாள், அவளோடு காதும் வளர்ந்துவிட்டது. காதுக்குள் பொருந்தும் அச்சு தளர்ந்ததால், வெளியே கசிந்த ஒலி மீண்டும் கருவிக்குள் புகுந்து கீச்சிட்டது. புதிய அச்சு எடுத்ததும் ஓசை நின்றது. செம்பனை குட்டையாக இருக்கையில் உளியால் குலையை வெட்டுகின்றோம். மரம் உயர்ந்தபின் நீண்ட கம்பில் அரிவாளைப் பூட்டுகின்றோம். வளரும் பிள்ளையின் கருவியையும் அவ்வாறே அடிக்கடி கவனித்துவர வேண்டும். வியர்வையும் ஈரமும் அதற்கு ஆகா. மேலும், அது ஆசிரியர் குரலோடு நாற்காலி இழுபடும் ஓசையையும், தகரக் கூரையில் விழும் மழையோசையையும் சேர்த்தே பெருக்குகின்றது. ஆகவே அம்மாணவியை முன்வரிசையில் அமர்த்தினோம். பழைய டென்னிஸ் பந்துகளைத் துளையிட்டு நாற்காலிக் கால்களில் மாட்டினோம். மழை வலுத்தால் எழுதிக் காட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

இன்னொரு மாணவனின் செய்தி சற்று விரிவாகக் கூறத்தக்கது. அவன் அப்போது மூன்றாம் ஆண்டில் இருந்தான். கண்ணும் காதும் நன்றாக இருந்தன. கதை சொல்லத் தொடங்கினால் வகுப்பே வாய்மூடிக் கேட்கும்; கணக்கை மனத்திலேயே போட்டுவிடுவான். புத்தகத்தைத் திறந்தாலோ தலைவலி, வயிற்றுவலி. 'தோட்டம்' என்பதைத் 'தேட்டம்' என்று படிப்பான். மறுநாள் 'தெடாம்' என்று எழுதுவான். அவன் தாயார் வெளிக்காட்டு வேலை முடிந்து நேரே நம் அலுவலகத்திற்கு வந்தார். "இவனுக்குப் படிப்பு ஏறாது, ஐயா. ஆறாம் ஆண்டு வரைக்கும் வந்து போகட்டும். அப்புறம் இவன் அப்பாவோடு தோட்டத்து வேலைதான்" என்றார். சினமோ கண்ணீரோ இல்லை. என்றோ முடித்துவிட்ட கணக்கைச் சொல்வதுபோல் சொன்னார்.

இத்தகைய பிள்ளைகள் உலகிற்குப் புதியவர் அல்லர். பிரிங்கிள் மோர்கன் என்னும் ஆங்கில மருத்துவர், அறிவிற் குறைவில்லாத 14 வயதுச் சிறுவன் ஒருவன் படிக்க இயலாமல் தவித்ததை 1896ஆம் ஆண்டிலேயே மருத்துவ இதழொன்றில் எழுதியுள்ளார். பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியில் அவனே முதல்வன் என்று அச்சிறுவனின் ஆசிரியர் கருதியதையும் அதில் குறித்துள்ளார். இன்று டிஸ்லெக்சியா என வழங்கும் இவ்விடர்ப்பாடு சோம்பலால் வருவதன்று. பார்வைக் குறைவால் வருவதுமன்று. ஒலியையும் எழுத்தையும் இணைப்பதில் மூளைக்கு ஏற்படும் தடை அது.

நம் தமிழெழுத்தில் அத்தடைக்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. 'தோ' என்று சொல்லும்போது தகர மெய் முன்னும் ஓகாரம் பின்னுமாக ஒலிக்கின்றன. எழுதும்போதோ இரட்டைக் கொம்பு முதலில், தகரம் நடுவில், கால் இறுதியில். செவி ஒரு வரிசையைச் சொல்ல, கண் வேறு வரிசையைக் காண்கின்றது. பெரும்பாலான பிள்ளைகள் இதனை விரைவில் பழகிக்கொள்வர். அவனால் இயலவில்லை.

ஆகவே கணினியில் தமிழ்99 விசைப்பலகையைப் பழக்கினோம். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டின் பயனாக வந்தது அது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம். மெய்கள் வலக்கைப் பக்கம். 'த' தட்டி 'ஓ' தட்டினால் 'தோ' வந்து நிற்கும். கொம்பையும் காலையும் கணினியே உரிய இடத்தில் வைத்துவிடும். 'ட' இருமுறை தட்டினால் முதல் டகரத்திற்குப் புள்ளியும் தானே விழும். காதுக்குக் கேட்ட வரிசையே கைக்கும் வரிசையாயிற்று. (கணினித் தமிழுக்கு 1980களிலேயே உழைக்கத் தொடங்கியவர்களுள் நம் நாட்டவரான முத்து நெடுமாறன் ஒருவர் என்பதை மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று.)

தட்டியதைப் படித்துக்காட்ட என்விடிஏ என்னும் திரைபடிப்பானைப் பொருத்தினோம். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கர்ரன் என்னும் பார்வையற்ற இளைஞர் 2006இல் தொடங்கிய மென்பொருள் அது. விலையின்றிக் கிடைக்கின்றது, தமிழும் படிக்கின்றது. குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. பிரட்டுக்களத்தில் கிராணி பெயர் கூப்பிடுவது போலிருக்கும். ஆனால் ஒரே சொல்லை நூறு முறை கேட்டாலும் சலித்துக்கொள்வதில்லை. மனிதரில் அப்பொறுமை உடையவரை நாம் அதிகம் கண்டதில்லை. புத்தகம் படிப்பதற்கு, தடித்த அட்டையில் ஒரு வரி மட்டும் தெரியுமாறு சாளரம் வெட்டிக் கொடுத்தோம். அதற்கு ஆன செலவு கத்தரிக்கோல் பிடித்த நேரம் மட்டுமே.

முதல் மாதம் ஒன்றும் நிகழவில்லை. மூன்றாம் மாதத்தில் ஒரு நாள், தான் தவறாகத் தட்டிய சொல்லைக் கணினி படிக்கக் கேட்டு அவனே சிரித்து, அவனே திருத்தினான். ஆசிரியை ஓடிவந்து நம்மை அழைத்துச் சென்று காட்டினார்.

மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று சோதிப்பதற்கு அவன் தாயார் நெடுநாள் இசையவில்லை. 'அட்டை' எடுத்தால் பிள்ளைக்கு முத்திரை குத்திவிடுவார்கள் என்று லயத்தில் யாரோ கூறியிருக்கின்றனர். பெற்றோர்கள் கவனிக்க வேண்டும்: நம் நாட்டில் 2008ஆம் ஆண்டு முதல் மாற்றுத்திறனாளிகள் சட்டம் நடப்பில் உள்ளது. கற்றல் குறைபாடும் சமூக நல இலாகாவின் பதிவுப் பிரிவுகளுள் ஒன்று. பதிவு செய்வதும் செய்யாததும் பெற்றோர் விருப்பம், எவரும் வற்புறுத்துவதில்லை. ஆனால் எஸ்.பி.எம். தேர்வில் கூடுதல் நேரம், பெரிய எழுத்து வினாத்தாள், பிரெய்ல் வினாத்தாள் போன்ற வசதிகள் சிறப்புத் தேவையுடைய மாணவர்க்கு உண்டு. அவற்றைக் கோருவதற்குச் சான்று வேண்டும். இதனைத் தாயாரிடம் மூன்று முறை விளக்கினோம். நான்காம் முறை அவரே சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு மகனுடன் மருத்துவமனைக்குப் புறப்பட்டார்.

அவன் இப்போது ஐந்தாம் ஆண்டில் பயில்கின்றான். இன்றும் விரைந்து படிப்பவன் அல்லன். உரக்கப் படிக்கச் சொன்னால் வியர்க்கின்றது. இம்மலரின் மாணவர் படைப்புப் பகுதியில் அவன் தட்டச்சுச் செய்த கதை ஒன்று உள்ளது. பெயரை அச்சிடலாமா என்று அவனைத் தனியே அழைத்துக் கேட்டோம்.

"எல்லார் பெயரையும் கேட்காமலே போடுகிறீர்களே, ஐயா. என்னை மட்டும் ஏன் கேட்கிறீர்கள்?" என்றான்.