எட்டரை லட்சம் ஜெல்லி மீன்கள் மிதந்து வந்த துறை

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், கனடா எல்லையை ஒட்டிச் சின்னச் சின்னத் தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. சியாட்டில் நகரத்திலிருந்து வடக்கே ஒன்றரை மணி நேரம் காரில் போனால் அனகோர்டிஸ் என்ற துறைமுகம் வரும். அங்கே காரையும் ஆட்களையும் சேர்த்தே ஏற்றிக்கொள்ளும் பெரிய படகு காத்திருக்கும். அதில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணம். இரு பக்கமும் ஊசியிலைக் காடு மூடிய தீவுகள் நகர்ந்து போகும். காபிக் கோப்பையும் பைனாகுலருமாகப் பயணிகள் மேல்தளத்தில் நின்று, எங்காவது ஓர்கா திமிங்கிலத்தின் கறுப்புத் துடுப்பு தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே வருவார்கள்.

படகு போய் நிற்கும் ஊர், சான் ஹுவான் தீவில் இருக்கும் ஃப்ரைடே ஹார்பர். பெயரைக் கேட்டதும் வெள்ளிக்கிழமைக்கும் ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். கிழமைக்கும் ஊருக்கும் சம்பந்தமே இல்லை. ஒரு காலத்தில் இங்கே ஆடு மேய்த்த, ஹவாய் தீவிலிருந்து வந்த ஜோ ஃப்ரைடே என்பவரின் பெயர்தான் ஊருக்கு நிலைத்துவிட்டது என்கிறார்கள்.

இறங்கியதும் ஐஸ்கிரீம் கடை, புத்தகக் கடை, திமிங்கில அருங்காட்சியகம் என்று கடைத்தெரு கலகலப்பாக இருக்கும். வருகிறவர்கள் பெரும்பாலும் திமிங்கிலம் பார்க்க வருகிறவர்கள். துறைமுகத்தின் எதிர்க்கரையில் மரங்களுக்கு நடுவே தெரியும் தாழ்வான கட்டடங்களைப் பலர் கவனிப்பதே இல்லை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வகம் அது. 1904-இல் தொடங்கியது. அதன் முன்னால் கடலுக்குள் நீளும் ஒரு படகுத்துறை இருக்கிறது. இன்று உலகெங்கும் புற்றுநோய் ஆய்வு முதல் மூளை ஆய்வு வரை பயன்படும் ஒரு பச்சை வெளிச்சம், முதன்முதலில் அந்தத் துறையில்தான் வலையில் சிக்கியது.

நாகசாகியிலிருந்து வந்தவர்

1961-ஆம் ஆண்டு கோடைக்காலம். அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையில் உள்ள பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கார் கிளம்பியது. ஏழு நாள் ஓடி, நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு வந்து சேர்ந்தது. பேராசிரியர் ஃபிராங்க் ஜான்சன், அவருடைய உதவியாளர், ஜப்பானிலிருந்து வந்த இளம் வேதியியலாளர் ஒசாமு ஷிமோமுரா, அவருடைய மனைவி அகேமி என நாலு பேர் அதில் இருந்தார்கள்.

ஷிமோமுராவுக்கும் வெளிச்சத்துக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. 1945 ஆகஸ்ட் 9-ஆம் தேதி அவருக்கு வயது 16. நாகசாகியிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தள்ளி ஒரு தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தார். அணுகுண்டின் வெளிச்சம் ஜன்னல் வழியே பாய்ந்து, சில விநாடிகள் கண் தெரியாமல் போனது. அன்று மாலை கறுப்பு மழையில் நனைந்துகொண்டே வீட்டுக்கு நடந்தார். பாட்டி உடனே அவரைக் குளிக்க வைத்தார். அந்தக் குளியல்தான் தன்னைக் கதிர்வீச்சிலிருந்து காப்பாற்றியிருக்க வேண்டும் என்று பிற்காலத்தில் அவர் எழுதினார்.

வளர்ந்தபின் அவர் தேடிப்போனது, யாரையும் சுடாத வெளிச்சத்தை. ஜப்பானியக் கடலோரத்தில் இரவில் மினுங்கும் ‘கடல் மின்மினி’ என்ற சிறு உயிரியிலிருந்து ஒளி தரும் பொருளைப் பிரித்தெடுத்துப் பெயர் வாங்கினார். அதைப் பார்த்துத்தான் ஜான்சன் அவரை அமெரிக்காவுக்கு அழைத்தார். அடுத்த வேலை, ஃப்ரைடே ஹார்பரில் மிதக்கும் ‘ஏக்கோரியா விக்டோரியா’ என்ற ஜெல்லி மீன். கண்ணாடிக் குடைபோல இருக்கும், உள்ளங்கை அகலம்தான். தொட்டால் குடையின் விளிம்பில் மட்டும் பச்சையாக ஒரு வளையம் ஒளிரும்.

தொட்டியில் தெரிந்த விடை

காலையிலும் மாலையிலும் அலையேற்றத்தின் நீரோட்டத்தில் ஜெல்லி மீன்கள் சாரை சாரையாகத் துறையை ஒட்டி மிதந்து வரும். துறையில் நின்றபடியே நீளக் கைப்பிடி வலையால் அள்ளி வாளியில் போடலாம். விடிந்ததும் பிடிப்பது, கத்தரிக்கோலால் விளிம்பை மட்டும் வளையமாக வெட்டுவது, பிற்பகலில் துணியில் வைத்துப் பிழிந்து சாறெடுப்பது, சாப்பிட்டுவிட்டு மறுபடி வலையோடு துறைக்கு வருவது. இதுதான் நாலு பேருக்கும் தினசரி வேலை.

சாறு கிடைத்தது. ஒளி தரும் பொருள் மட்டும் பிடிபடவில்லை. பிரித்தெடுப்பதற்குள் எரிந்து தீர்ந்துவிடும். அதுவரை தெரிந்த முறைகளெல்லாம் தோற்றன. முறையை மாற்ற வேண்டும் என்றார் ஷிமோமுரா, பேராசிரியர் ஒப்பவில்லை. ஒரே மேஜையில் இருவரும் ஆளுக்கொரு வழியில் சோதனை செய்தார்கள்.

யார் தொந்தரவும் இல்லாமல் யோசிக்க, ஷிமோமுரா துடுப்புப் படகை எடுத்துக்கொண்டு வளைகுடாவின் நடுவுக்குப் போய்விடுவார். ஒரு நாள் அங்கே படுத்திருந்தபோது ஒரு யோசனை வந்தது. ஒளி தருவது ஒரு புரதமாக இருந்தால், அமிலத்தன்மையைக் கூட்டி அதைத் தூங்க வைக்கலாம், பிரித்தெடுத்தபின் எழுப்பிக்கொள்ளலாம். கரைக்கு ஓடி வந்து செய்து பார்த்தார். பலித்தது. அமிலத்தில் வெளிச்சம் அணைந்தது. அமிலத்தை முறித்ததும் லேசாகத் திரும்பி வந்தது.

சோதனை முடிந்து மிச்சச் சாற்றைக் கழுவுதொட்டியில் கொட்டினார். தொட்டி பளிச்சென்று நீல நிறத்தில் பற்றி எரிந்தது போலிருந்தது! மீன் தொட்டியிலிருந்து வழிந்த கடல்நீர் அந்தத் தொட்டியில்தான் விழுந்துகொண்டிருந்தது. கடல்நீரில் இருக்கும் ஏதோ ஒன்றுதான் விளக்கை ஏற்றும் சுவிட்ச் என்று புரிந்தது. அது கால்சியம். நம் எலும்பிலும் பாலிலும் இருக்கும் அதே கால்சியம்.

அந்தக் கோடையில் சுமார் 10,000 ஜெல்லி மீன்கள் பிடித்தார்கள். அவற்றிலிருந்து கடைசியில் மிஞ்சிய சுத்தமான பொருள் வெறும் 5 மில்லிகிராம். அதற்கு ‘ஏக்கோரின்’ என்று பெயர் வைத்தார்கள். அதைப் பிரிக்கும்போது ஓரமாக இன்னொரு புரதமும் வந்தது. ஏக்கோரின் தருவது நீல ஒளி. அந்த நீலத்தை வாங்கிப் பச்சையாகத் திருப்பித் தருவது இந்த இரண்டாவது புரதம். பச்சை ஒளிர் புரதம் என்று பின்னால் உலகம் அறிந்தது இதைத்தான்.

ஆயிரம் பேரில் ஒருவர் கையில் டார்ச்

அதன்பின் ஏறக்குறைய இருபது ஆண்டுகள், கோடை வந்தால் ஷிமோமுரா குடும்பம் ஃப்ரைடே ஹார்பருக்கு வந்துவிடும். மனைவி, மகன், மகள் எல்லோர் கையிலும் வலை. இப்படிப் பிடித்த ஜெல்லி மீன்கள் மொத்தம் சுமார் எட்டரை லட்சம்.

அடுத்த கட்டத்தைத் தாண்டியவர் டக்ளஸ் பிராஷர். அவரும் இதே துறையில் ஜெல்லி மீன் அள்ளியவர்தான். பச்சைப் புரதத்தைச் செய்யச் சொல்லும் மரபணுவை அவர் பிரித்தெடுத்து 1992-இல் வெளியிட்டார். ஆனால், ஆய்வைத் தொடரப் பணம் கிடைக்கவில்லை. மரபணுவைத் தன்னோடு வைத்துப் பூட்டிவிடாமல், கேட்ட மார்ட்டின் சால்ஃபிக்கும் ரோஜர் சியெனுக்கும் தபாலில் அனுப்பி வைத்தார்.

சால்ஃபி அதை ஒரு கண்ணாடிப் புழுவுக்குள் வைத்தார். புழுவின் குறிப்பிட்ட நரம்பு செல்கள் மட்டும் உயிரோடிருக்கும்போதே பச்சையாக மின்னின. சியென் அந்தப் பச்சையை மாற்றி மாற்றி வேறு நிறங்களையும் உண்டாக்கினார்.

இதில் என்ன பெரிய விஷயம்? இருட்டுத் தெருவில் ஆயிரம் பேர் நடந்து போகிறார்கள்; அதில் ஒருவரை மட்டும் பின்தொடர வேண்டும். அவர் கையில் ஒரு டார்ச் லைட்டைக் கொடுத்துவிட்டால் போதும். உடலுக்குள் புற்றுநோய் செல் எங்கே பரவுகிறது, நரம்பு எந்தப் பக்கம் வளர்கிறது, கிருமி எங்கே ஒளிகிறது என்று ஆய்வகங்களில் பார்ப்பதற்கு அந்த டார்ச்தான் இந்தப் புரதம்.

2008-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு ஷிமோமுரா, சால்ஃபி, சியென் மூவருக்கும் கிடைத்தது. அந்த நேரத்தில் பிராஷர் அலபாமா மாநிலத்தில் ஒரு கார் விற்பனை நிலையத்தில் வாடிக்கையாளர்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். பரிசு பெற்றவர்கள் அவரை மறக்கவில்லை. பரிசு விழாவுக்கு அவரும் மனைவியும் விருந்தினராகப் போய் வந்தார்கள்.

வாளி நிறையாத காலம்

இப்போது அதே துறையில் நின்று தண்ணீரைப் பார்க்கலாம். தெளிவான குளிர்ந்த நீர். தூணில் ஒட்டிய சிப்பிகள், நடுவே நீந்தும் சிறு மீன்கள். சாரை சாரையாக வந்த ஏக்கோரியா மட்டும் இல்லை. ஒன்றிரண்டு வரலாம், அன்று வந்தது போல வருவதில்லை.

1990-க்குப் பிறகு அவை அரிதாகிவிட்டன என்று ஷிமோமுராவே எழுதியிருக்கிறார். இங்கே பல ஆண்டுகளாக ஜெல்லி மீன்களைக் கவனித்துவரும் கிளாடியா மில்ஸ் என்ற ஆய்வாளரும் இந்த வீழ்ச்சியைப் பதிவு செய்திருக்கிறார். 1992-இல் மரபணு கைக்கு வந்துவிட்டதால் உலகத்துக்கு நஷ்டமில்லை. இனி அந்தப் புரதத்தைப் பாக்டீரியாவை வைத்தே ஆய்வகத்தில் வேண்டிய அளவு செய்துகொள்ளலாம். ஆனால், இந்த ஜெல்லி மீன்கள் முப்பது ஆண்டுகள் முன்னதாகவே குறைந்திருந்தால்? 10,000 மீனுக்கு 5 மில்லிகிராம் என்ற கணக்கில், அந்த முதல் கோடையே வெறும் வாளியோடு முடிந்திருக்கும்.

ஏன் குறைந்தன? இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. அளவுக்கு மீறிப் பிடித்ததாலா என்றால், இருபது கோடைகள் பிடித்தபோதும் அவை வந்துகொண்டுதான் இருந்தன. இந்த ஜெல்லி மீன், வாழ்க்கையின் ஒரு பகுதியைக் கடலடியில் ஒட்டிக்கொண்டு கழிக்கும் உயிரி. அங்கே ஏதாவது மாறியிருந்தாலும் மேலே நிற்பவர்களுக்குத் தெரியாது. பிடித்தது எத்தனை என்பது குறிப்பில் இருக்கிறது. கடலில் எத்தனை இருந்தன என்று சொல்ல, ஆரம்பத்திலிருந்தே இடைவிடாமல் எழுதிய கணக்கு வேண்டும். ஆயிரக்கணக்கில் மிதந்து வருவதை உட்கார்ந்து எண்ண யாருக்குத்தான் தோன்றும்?

எண்ணி வைத்ததால் கிடைத்த பலன்

எண்ணி வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் இதே கடலில் ஒரு கதை உண்டு. ‘சூரியகாந்தி நட்சத்திரம்’ என்ற ராட்சத நட்சத்திர மீனுக்கு 24 கைகள் வரை இருக்கும். ஒரு மீட்டர் அகலம் வளரும். கடல் முள்ளெலிகளைத் தின்று, கெல்ப் என்ற கடற்பாசிக் காடுகளை அது காப்பாற்றும். 2013-இல் மெக்சிகோ முதல் அலாஸ்கா வரை ஒரு நோய் பரவி, இந்த நட்சத்திர மீன்கள் கை உதிர்ந்து, உருகிச் செத்தன.

அதற்கு முன்பே பல ஆண்டுகளாக ஆய்வாளர்களும், பொழுதுபோக்காக ஸ்கூபா டைவிங் செய்பவர்களும் கடலுக்கடியில் பார்த்ததை எண்ணி எழுதி வைத்திருந்தார்கள். அதனால்தான் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அழிந்துவிட்டது என்று தெரிந்தது. 2020-இல் அந்த இனம் அழிவின் விளிம்பில் இருப்பதாக அறிவிக்கப்பட்டது. முதலில் ஒரு வைரஸ்மீது சந்தேகம் எழுந்தது. அது சரியில்லை என்று ஆனது. நோயுற்றவற்றின் உடல் திரவத்தையும் ஆரோக்கியமானவற்றின் திரவத்தையும் மரபணு அளவில் ஒப்பிட்டு, குற்றவாளி ‘விப்ரியோ பெக்டெனிசிடா’ என்ற பாக்டீரியா என்று 2025-இல் கண்டுபிடித்தார்கள். காலரா கிருமியும் இந்த விப்ரியோ குடும்பம்தான்.

ஃப்ரைடே ஹார்பர் ஆய்வகத்தின் தொட்டிகளில் இப்போது சூரியகாந்தி நட்சத்திரங்கள் முட்டையிலிருந்தே வளர்க்கப்படுகின்றன. கண்ணுக்குத் தெரியாத குஞ்சாகத் தொடங்கி, கை முளைத்து, தட்டு அளவுக்கு வளர வருடக்கணக்காகும். ஒரு நாள் கடலில் விடுவதற்காக அந்தப் பொறுமை.

அதோடு எண்ணும் வேலையும் நடக்கிறது. ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் மாணவர்கள் ஆய்வுப் படகில் ஏறித் தீவுகளுக்கு இடையே உள்ள கால்வாய்க்குப் போகிறார்கள். நீரின் வெப்பம், உப்பு, மிதக்கும் நுண்ணுயிர்கள், பறவைகள், கடல்நாய்கள் என்று எல்லாவற்றையும் அளந்தும் எண்ணியும் எழுதி வருகிறார்கள். குளிரில் விரல் விறைக்கும் வேலை. நோபல் பரிசு எதுவும் இதற்குக் கிடைக்கப் போவதில்லை. அவர்கள் எழுதும் எண்களில் எது, எந்த ஆண்டு, யாருக்குத் தேவைப்படும் என்பது இன்று தெரியாது.

ஷிமோமுரா 2018-இல், தன் 90-ஆவது வயதில், நாகசாகியில் காலமானார். மாலைப் படகு ஃப்ரைடே ஹார்பரை விட்டுக் கிளம்பும்போது, எதிர்க்கரையில் ஆய்வகத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கும். படகின் இடப்பக்கம் நின்றால் அந்தத் துறையும் தெரியும். பயணிகள் இன்னமும் திமிங்கிலத்தைத்தான் தேடிக்கொண்டிருப்பார்கள்.