தலைக்குந்தா பைன் காடு: உறைபனிக்கு நாற்று எப்படித் தயாராகிறது?

மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் வியர்வையைத் துடைத்தபடி பஸ் ஏறும் கோவைக்காரர்கள், ஊட்டியைத் தாண்டித் தலைக்குந்தாவில் இறங்கும்போது ஸ்வெட்டரைத் தேடுவார்கள். இடையில் ஏறியது சுமார் 1,900 மீட்டர் உயரம். நமக்கு ஸ்வெட்டர் இருக்கிறது. பாலித்தீன் பையில் நிற்கும் பைன் நாற்றுக்கு?

தலைக்குந்தா பைன் காட்டில் எல்லோரும் செல்ஃபி எடுப்பது நெடுநெடுவென நிற்கும் மரங்களோடுதான். டிசம்பர், ஜனவரி விடியலில் பக்கத்துப் புல்வெளியையும் பாருங்கள். உப்பைக் கொட்டியதுபோல உறைபனி படர்ந்திருக்கும். குளிர்ந்த காற்று கனமானது. மேகமில்லாத இரவில் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கிவிடும். தரையை ஒட்டித்தான் குளிர் அதிகம். பெரிய மரத்தின் தலை அதற்கு மேலே இருக்கிறது. ஒரு சாண் நாற்று முழுசாக அதற்குள் மூழ்கிவிடுகிறது.

அது பிழைப்பது எந்த இனம் என்பதை மட்டும் பொறுத்ததல்ல. வளர்த்த விதத்தையும் பொறுத்தது. பகல் சுருங்கி, இரவு குளிரத் தொடங்கியதும் ஊசியிலை மரக்கன்றுகள் தளிர்விடுவதை நிறுத்தி, நுனிமொட்டை மூடிக்கொள்கின்றன. செல்களில் சர்க்கரை சேர்கிறது. அதன்பின் பனிக்கட்டி செல்லுக்கு வெளியே உருவானாலும் தாங்கும். கடைசிவரை தண்ணீரும் தழைச்சத்தும் தாராளமாகப் பெற்ற நாற்று பார்க்கப் பச்சைப்பசேலென்று இருக்கும். முதல் உறைபனியிலேயே கருகும். செல்லம் கொடுத்து வளர்த்த பிள்ளை கதைதான்!

நம் மலையில் இன்னொரு சிக்கல். லண்டனில் டிசம்பர் பகல் 8 மணி நேரம்கூட இல்லை. ஊட்டியில் சுமார் 11½ மணி நேரம். 'குளிர் வருது, உஷார்' என்ற சேதி இங்கே நாற்றுக்கு அத்தனை அழுத்தமாகப் போய்ச் சேராது. தவிர, நீலகிரியில் நடப்பட்ட பட்டுலா பைன் மெக்சிகோ மலைகளைச் சேர்ந்தது. ரஷ்யப் பைன்போல மைனஸ் 40 டிகிரியெல்லாம் தாங்காது.

ஊட்டி தாவரவியல் பூங்காவில் செடிகள்மேல் மிலார்களைக் கவிழ்த்திருந்தால் குப்பை என்று நினைத்துவிடாதீர்கள். உறைபனி நேராகச் செடிமேல் படியாமல் காக்கத்தான் அது.

சமவெளி வெயிலில் வளர்ந்த பைன், சைப்ரஸ் கன்றை டிசம்பரில் நேராக மேலே கொண்டுபோய் நடுவது வீண்செலவு. முதலில் சில வாரம் மலையிலேயே வைத்து, உரத்தை நிறுத்தி, தண்ணீரைக் குறைத்துப் பழக்க வேண்டும். தண்டைவிட வேருக்குத்தான் குளிர் தாங்கும் சக்தி குறைவு. பைகளை நெருக்கி அடுக்கி, சுற்றிலும் மண் அணைப்பது அதற்காகத்தான். ஜூன் மழையோடு நட்டுவிட்டால், பனி வருவதற்குள் வேர்பிடிக்க ஐந்து மாதம் கிடைக்கும்.