பிழை பொறுக்கும் பொம்மை

 

பாலக்காட்டின் கிழக்கெல்லையில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வாழும் எங்களுக்கு மறையூர் போவதென்றால் பொள்ளாச்சி, உடுமலை வழியே நேர்வழி. கோபாலபுரத்தில் கேரளத்தைவிட்டு வெளியேறி, சின்னாறில் மீண்டும் கேரளத்துக்குள் நுழைவோம். ஒரே மாநிலத்தின் இரு மாவட்டங்களுக்கிடையே செல்ல மாநில எல்லையை இருமுறை கடக்கும் இந்தப் பயணத்தை நான் ஆண்டுக்கு இருமுறையேனும் மேற்கொள்வதுண்டு. அக்கா வாழ்க்கைப்பட்டது மறையூருக்கும் மூணாறுக்கும் இடையில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில்.

கடந்த கோடை விடுமுறையில் அங்குச் சென்றிருந்தபோது அக்காவின் மகனிடம், "ரோபோ எங்கேடா?" என்று கேட்டேன். அவனுக்கு வயது ஆறு. பொங்கலுக்கு நான் வாங்கித் தந்த உருமாறும் ரோபோ அது. அவன் பதில் சொல்லாமல் வாசலுக்குப் போய்விட்டான். மறுநாள் அரிசி டிரம்மை நகர்த்தியபோது அதன் பின்னாலிருந்து அக்கா அதை எடுத்தாள். பழைய கம்பளிக் குல்லாவுக்குள் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. இடுப்புக்குக் கீழே லாரி, மேலே மனிதன். ஒரு கை தோளிலிருந்து கழன்று தொங்கியது. பையன் அழவில்லை. "நான் உடைக்கல மாமா. அதுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியல" என்றான்.

மூன்று மாதங்களாக ஒரு குழந்தை ஒரு பொம்மைக்கு அஞ்சி வாழ்ந்திருக்கிறான். அந்த அச்சத்தை வாங்கிக் கொடுத்தவன் நான்.

நிலுவையில் இருந்த ஆய்வு உதவித்தொகை மொத்தமாக வந்த வாரத்தில் கோயம்புத்தூரில் வாங்கியது அது. லாரி மனிதனாக மாற ஏறத்தாழ முப்பது படிகள். எட்டு வயதுக்கு மேற்பட்டோருக்கு என்று அட்டைப்பெட்டியில் தெளிவாகவே அச்சிட்டிருந்தார்கள். முப்பது என்ற எண்ணில் மயங்கிய நான் எட்டு என்ற எண்ணைப் பொருட்படுத்தவில்லை. படிகள் கூடக்கூட அறிவும் கூடும் என்பது என் கணக்கு. விலையும் சிறியதன்று. பொம்மைகள் மீதான அடிப்படைச் சுங்க வரி 2020இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 விழுக்காடாகவும், 2023இல் 70 விழுக்காடாகவும் உயர்ந்த பிறகு, வெளிநாட்டுப் பொம்மை என்பது எங்களைப் போன்ற வீடுகளில் பீரோவில் வைக்கத்தக்க பொருளாகிவிட்டது. "மாமா காசு போட்டு வாங்கினது, பத்திரம்" என்று அக்கா பலமுறை சொல்லியிருக்கிறாள். கடினமும் விலையும் சேர்ந்தே அதை அரிசி டிரம்முக்குப் பின்னால் தள்ளியிருக்கின்றன.

ஊர் திரும்பியதும் இவ்வகைப் பொம்மைகளின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். ஜப்பானின் டகாரா நிறுவனம் 1980இல் தொடங்கிய டயாக்ளோன் வரிசையிலும், பின்னர் வந்த மைக்ரோ சேஞ்ச் வரிசையிலும் இருந்த பொம்மைகளைப் பெற்று, அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ 1984இல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்ற பெயரில் வெளியிட்டது. டயாக்ளோன் ரோபோக்களோடு விரல்நுனி அளவே உள்ள ஓட்டுநர் பொம்மையும் வரும்; அந்த ரோபோ மனிதன் இயக்கும் இயந்திரம். அமெரிக்கா சென்றபோது ஓட்டுநர் காணாமற்போனார். இயந்திரம் உயிர்பெற்று, பெயரும் குணமும் உடைய பாத்திரமாயிற்று. அதே காலத்தில் பண்டாயின் மெஷின் ரோபோ பொம்மைகள் கோபாட்ஸ் என்ற பெயரில் டோங்கா நிறுவனத்தின் வழியாக விற்பனைக்கு வந்தன. அவை பெரும்பாலும் சில மடிப்புகளில் உருமாறிவிடும் எளிய பொம்மைகள்.

பிறகு இந்தத் தொழில் இரு திசைகளில் பிரிந்தது. 2003இல் ஜப்பானில் தொடங்கிய மாஸ்டர்பீஸ் வரிசை வயதுவந்த சேகரிப்பாளர்களை நோக்கியது. 2007இல் வந்த திரைப்படத்தைத் தொடர்ந்து, திரையில் கண்ட நுணுக்கத்தைக் கைப்பொருளில் கொண்டுவரும் முயற்சியில் பாகங்கள் பெருகின. மறுபுறம், சிறுகுழந்தைகளுக்கான ரெஸ்க்யூ பாட்ஸ் 2011இல் வந்தது. ஒரே அசைவில், உள்ளிருக்கும் வில்லின் விசையால் உருமாறும் பொம்மைகளும் அடுத்த சில ஆண்டுகளில் வந்தன. 2021இல் ரோபோசென் நிறுவனத்தோடு இணைந்து ஹாஸ்ப்ரோ அறிவித்த ரோபோ, குரல் கட்டளையைக் கேட்டுத் தானே உருமாறக்கூடியது.

எளிமை, சிக்கல் என்ற இரு சொற்களைக் கொண்டு இவற்றைத் தரம்பிரிக்க முயன்றபோது எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. குரலுக்கு உருமாறும் ரோபோ எளிமையானதா, சிக்கலானதா? உள்ளே மின்னோடிகளும் மின்சுற்றுகளும் நிறைந்தது; குழந்தைக்கோ வாயைத் திறப்பதற்கு மேல் வேலை இல்லை. ஒரே அசைவில் மாறும் பொம்மையிலும் வேலையைச் செய்வது வில்தான். முப்பது படிப் பொம்மை கைக்கு வேலை தருகிறது. ஆனால் பெரும்பாலும் வரிசை தவறினால் பூட்டிக்கொள்கிறது. ஆகவே, ஒரு பொம்மை எவ்வளவு சிக்கலானது என்பதைவிட, அச்சிக்கல் எங்கே இருக்கிறது என்று கேட்பதே பயனுள்ளது. பொருளுக்குள் ஒளிந்திருக்கிறதா? கண்ணுக்கும் கைக்கும் எட்டும்படி வெளியே இருக்கிறதா? ரோலண்ட் பார்த் 1957இல் வெளியான தம் நூலில், ஆயத்தப் பொம்மைகள் குழந்தையை ஆக்குபவனாக அன்றி உடைமையாளனாகவே வளர்க்கின்றன என்று வாதிட்டார். அந்த வாதத்தை அப்படியே ஏற்று ஒரு கட்டுரை எழுதிவிடலாம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். லயத்தில் நான் கண்ட காட்சியே அதைத் தடுத்தது.

பையனின் தாத்தா, அத்தானின் தந்தை, தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். ரோபோ அகப்பட்ட அன்று மாலை அதை வாங்கிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். "உடையல தம்பி. பின் கழண்டிருக்கு. அழுத்தித் திருப்பியிருக்கான்" என்றார். விளக்கத்தாளை நான் நீட்டினேன், அவர் வாங்கவில்லை. கடிகாரத் திருப்புளியால் பின்னை உட்செலுத்தியபின் பேரனை மடியருகே இருத்திக்கொண்டார். "எது அசைய மாட்டேங்குதோ அதை விட்டுடு. எது அசையுதுன்னு பாரு. அங்கேயிருந்து ஆரம்பி." அவ்வளவுதான் பாடம். பையன் ஒவ்வொரு பாகமாகத் தொட்டுப் பார்த்தான். தோள் அசையவில்லை, முதுகுப் பலகை அசைந்தது. அதைத் தூக்கியதும் தோள் விடுபட்டது. ஒன்று மற்றொன்றைத் தடுத்துக்கொண்டிருந்தது என்பதை அவன் கண்டுகொண்ட கணத்தில், முப்பது படிகள் முப்பது கட்டளைகளாக இல்லாமல் ஒரே கேள்வியாகச் சுருங்கிவிட்டன. ஒரு மணி நேரத்தில் லாரி முழுமையாயிற்று.

நான் வரும்போது ஊரிலிருந்து நுங்குக்காய்களும் கொண்டு சென்றிருந்தேன். எங்கள் பக்கத்தில் பனைக்குப் பஞ்சமில்லை. தேயிலை விளையும் அந்தக் குளிருக்குப் பனை ஏறுவதில்லை. நுங்கைத் தோண்டித் தின்றபின் இரண்டு காய்களைக் குச்சியால் இணைத்து, கவைக்கம்பு ஒன்றை நடுவில் கொடுத்து வண்டி செய்து தந்தேன். ஒருவகையில் அதுவும் உருமாறும் பொம்மைதான்: தின்பண்டம் சக்கரமாகிறது; சக்கரம் காய்ந்தால் அடுப்புக்கு விறகாகிறது. லயத்துச் சரிவில் அது இறங்கிய வேகத்தில் இருமுறை சக்கரம் கழன்று ஓடியது. பையன் துரத்திப் பிடித்து வந்து குச்சியை இன்னும் ஆழமாகச் செருகினான். அங்கே கழல்வது குற்றமாகவில்லை; ஆட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. 1970களில் ஹோஷங்காபாத் பள்ளிகளின் அறிவியல் திட்டத்தில் அரவிந்த் குப்தா தீக்குச்சிகளையும் சைக்கிள் வால்வு ட்யூப்பையும் கொண்டு அமைத்த வடிவங்களின் மேன்மையும் இதுவே. ரப்பர் மூட்டு வளையும், பிதுங்கும், கழன்று வரும்; மறுபடி செருகினால் சேர்ந்துவிடும். சதுரம் சரிவதையும் முக்கோணம் சரியாமல் நிற்பதையும் குழந்தை தன் விரலாலேயே அறிகிறது.

நுங்கு வண்டியே உயர்ந்தது என்று முடிக்க எனக்கு ஆசைதான். பையன் அதற்கு இடம் தரவில்லை. நான்காம் நாள் சக்கரங்கள் சுருங்கிக் கோணலானதும், "இது வேற எதுவாவும் மாறாதா மாமா?" என்று கேட்டுவிட்டு ரோபோவிடம் போய்விட்டான். ஒரே அழுத்தில் உருமாறும் பொம்மை ஒன்று பக்கத்து வீட்டுச் சிறுவனிடம் இருந்தது. அதை இரண்டு முறை அழுத்திப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். அன்றிரவு மின்சாரம் போனபோது, இருட்டில் விரல்களாலேயே லாரியை மனிதனாக்கிக்கொண்டிருந்தான். பொங்கலன்று அவனை அச்சுறுத்தியதும் இதே சிக்கல்தான். பொம்மை மாறவில்லை, தவறு செய்ய இடமும், தவறினால் சரிசெய்ய அருகில் ஒரு கையும் கிடைத்திருந்தன.

ஆறு மாதங்களாக ஓர் இயலை என் நெறியாளரிடம் காட்டாமல் வைத்திருந்தேன். வாதம் எங்கோ பூட்டிக்கொண்டிருந்தது. அழுத்தித் திருப்பினால் உடையுமோ என்ற அச்சம். மறையூரிலிருந்து வந்த வாரம் அதை அப்படியே, பாதி லாரியும் பாதி மனிதனுமாக, அவரிடம் கொண்டு சென்றேன்.

சென்ற வாரம் அக்கா தொலைபேசியில் பேசினாள். ரோபோவின் கை மறுபடியும் கழன்றுவிட்டதாம். பள்ளிவிட்டு வந்ததும் தாத்தாவின் திருப்புளியை எடுத்துக்கொண்டு பையனே அவரிடம் போய் நின்றானாம்.